நோட்டீஸ் சாருக்கு மாற்றல் கேட்டோம்

ஆண்டவர் எங்கள் வீட்டுக்குச் செய்ததை எங்கள் தேவாலயப் பங்கில் பாதிப் பேர் கேட்டிருக்கிறார்கள். கேட்டவர்களில் பாதிப் பேர் அதற்குக் கை கால் வைத்து வேறு கதையாக்கிவிட்டார்கள். ஓர் அதிகாரிக்கு நாங்கள் சாபம் போட்டு ஊரை விட்டே விரட்டியதாகக்கூட ஒரு பேச்சு உலவுகிறது. அதனால் நடந்ததை நடந்தபடி நானே எழுதிவிடுகிறேன்.

போன ஆண்டு, ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம் தொடங்கிய வாரத்தில் எங்கள் சின்ன மாமாவுக்கு ஒரு காலை எடுத்துவிட்டார்கள். சர்க்கரை நோய். கட்டைவிரலில் வந்த கொப்புளத்தை யாரிடமும் சொல்லாமல் செருப்புக்குள் மறைத்துக்கொண்டே நடந்திருக்கிறார். புத்தூர் மருத்துவமனைக்குக் கொண்டுபோனபோது, முழங்காலுக்குக் கீழே காப்பாற்ற முடியாது என்று கைவிரித்துவிட்டார்கள்.

சின்ன மாமா என்று நான் சொல்வது என் கணவரின் சித்தப்பா சவரிமுத்துவை. கல்யாணம் செய்துகொள்ளாதவர். என் கணவர் சிறு பிள்ளையாக இருக்கும்போதே தகப்பனை இழந்தார். அன்றிலிருந்து அவரை வளர்த்து ஆளாக்கியவர் இவர்தான். மத்தியப் பேருந்து நிலையத்துக்கும் ஸ்ரீரங்கத்துக்கும் நடுவே காலமெல்லாம் டவுன் பஸ் ஓட்டினார். ஸ்டியரிங் பிடித்த கைக்கும் ஓய்வு கிடையாது, வாய்க்கும் ஓய்வு கிடையாது. வேலையிலிருந்து ஓய்வு பெற்றபோது கை மட்டும் நின்றது.

மலைக்கோட்டை பக்கம் ஒரு மாடி அறையில் தனியாக இருந்தவர். இனி அந்த மாடிப்படியை அவர் ஏற முடியாது. எங்களோடுதான் இருக்க வேண்டும் என்பதில் எங்கள் வீட்டில் இரண்டாவது பேச்சே இல்லை. ஆனால் எங்கே வைப்பது? எடமலைப்பட்டி புதூரில் எங்களுடையது குறுகலான மனை. கீழே ஹாலும் சமையலறையும். படுக்கையறைகளும் குளியலறையும் மாடியில். கீழே இருக்கும் ஒரே கழிப்பறை கொல்லையில், படி இறங்கிப் போக வேண்டும். சக்கர நாற்காலி அங்கே போகாது.

வீட்டின் பக்கவாட்டில், காம்பவுண்டு சுவர் வரை ஒரு நீளமான இடம் சும்மா கிடந்தது. அதில் ஒரு அறையும் கழிப்பறையும் கட்டத் தீர்மானித்தோம். மாநகராட்சியில் அனுமதி வாங்க வேண்டுமே என்று கொத்தனார் இழுத்தார். "நம்ம இடத்துல நாம கட்டுறதுக்கு யாரைங்க கேக்கணும்?" என்றார் என் கணவர். நானும் பலமாகத் தலையாட்டினேன். ஈஸ்டர் பெருவிழாவுக்குச் சின்ன மாமா புது அறையில் இருந்தார். சுவரில் மாதா படம் மாட்டி, பிடித்துக்கொண்டு எழுந்திருக்கக் கம்பி பதித்து, எல்லாம் அவர் இஷ்டப்படி செய்திருந்தோம். பார்க்க வந்தவர்களிடமெல்லாம் கழிப்பறைக் கதவைத் திறந்து திறந்து காட்டினார்.

அந்தச் சந்தோஷம் நிலைக்கவில்லை. எங்கள் தெருவில் சாக்கடை வேலையைப் பார்வையிட வந்த மாநகராட்சி உதவிப் பொறியாளர், போகிற போக்கில் எங்கள் புது அறையையும் பார்த்துவிட்டார். மறுவாரமே நோட்டீஸ் வந்தது. அனுமதி இல்லாமல் கட்டியது, பக்கவாட்டில் விட வேண்டிய இடத்தை அடைத்தது என்று இரண்டு குற்றம். நாங்களாகவே அகற்ற வேண்டும், இல்லையென்றால் பூட்டிச் சீல் வைப்பார்களாம்.

அதன் பிறகு அவர் எங்கள் வாசலுக்கு எத்தனை முறை வந்தாரோ அத்தனை முறையும் சண்டை. கேட்டுக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் நான். உள்ளே வாருங்கள் என்று ஒருநாளும் சொன்னதில்லை.

"பக்கத்துல இடம் விடணுங்கறது சும்மா இல்லைங்க மேடம். அவசரத்துக்கு ஒரு ஸ்ட்ரெச்சர் வந்தா எந்த வழியா கொல்லைப் பக்கம் போகும்?"

"உள்ள இருக்கறதே காலை இழந்த மனுஷன் சார். அவரை எங்க கொண்டு வைக்கச் சொல்றீங்க? உங்க ஆபீஸ்லயா?"

"ரூல் அப்படி இருக்கு மேடம். நான் என்ன பண்ணட்டும்?"

நான் பள்ளிக்கூட ஆசிரியை. நாள் முழுக்க மற்றவர்களுக்கு ரூல் சொல்கிறவள். எனக்கு ஒருவர் ரூல் சொன்னால் மட்டும் பற்றிக்கொண்டு வருகிறது. சின்ன மாமா உள்ளிருந்தபடியே அவருக்கு 'நோட்டீஸ் சார்' என்று பெயர் வைத்துவிட்டார். மனு எழுதிக் கொடுத்தோம். தெரிந்தவர், தெரிந்தவருக்குத் தெரிந்தவர் என்று எல்லாரையும் பார்த்தோம். ஒன்றும் நடக்கவில்லை. இதுவே கடைசி என்று சொல்லி இன்னொரு நோட்டீஸை ஒட்டிவிட்டுப் போனார்கள்.

அந்த வாரம் ஒருநாள் பள்ளி விட்டு வந்தேன். சின்ன மாமா சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மடியில் துணிப்பை. வேட்டி, சட்டை, மருந்து, செபமாலை எல்லாம் அதற்குள்.

"ஸ்டெல்லாம்மா, சிஸ்டருங்க நடத்துற முதியோர் இல்லம் ஒண்ணு இருக்காம். போன்ல கேட்டுட்டேன். இடம் இருக்குன்னாங்க. எனக்காக நீங்க ஏம்மா கோர்ட்டு கச்சேரின்னு அலையணும்?"

ஸ்ரீரங்கத்தில் வேலை முடிந்து என் கணவர் வந்தார். பையைப் பார்த்தார். தரையில் உட்கார்ந்து, சித்தப்பாவின் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதார். அவர் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான். நான் சமையலறைக்குப் போய், குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு ஆண்டவரைத் திட்டினேன். உமக்குக் கண் இல்லையா, இந்தக் கிழவர் உமக்கு என்ன செய்தார் என்று கேட்டேன். அப்படியெல்லாம் அவரிடம் நான் பேசியதே இல்லை.

கடைசியில் சின்ன மாமாதான் எங்களைத் தேற்றினார். "சரி, அழாதீங்க. பையை உள்ள வைங்க. ஞாயித்துக்கிழமை அன்பியம் நம்ம வீட்லதானே? அது முடியட்டும், பாத்துக்கலாம்."

எங்கள் தெருக் குடும்பங்கள் சேர்ந்து வாரம் ஒரு வீட்டில் செபிக்கும் கூட்டம்தான் அன்பியம். அந்த ஞாயிறு எங்கள் ஹாலில் சோபாவை ஓரமாகத் தள்ளிவிட்டுப் பாய் விரித்தோம். செபமாலை முடிந்தது. மன்றாட்டு நேரத்தில் அவரவர் குறைகளைச் சொன்னார்கள். பிள்ளைக்கு வேலை, மகளுக்கு வரன், மூட்டு வலி. திடீரென்று சின்ன மாமா தொண்டையைச் செருமினார். பஸ் படிக்கட்டில் தொங்குகிறவர்களை உள்ளே போகச் சொல்லிப் பழகிய குரல் அது.

"ஆண்டவரே! நோட்டீஸ் சாரை நான் திட்டல. அவருக்கும் குடும்பம் இருக்கும். ஆனா அவரு இங்க இருந்தா நான் இங்க இருக்க முடியாது. அதனால அவருக்கு ஒரு நல்ல ஊரா பாத்து மாத்தல் போட்டுக் குடும். கொஞ்சம் சீக்கிரமா போட்டுக் குடும்!"

ஒரு நிமிடம் எல்லாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். இப்படியெல்லாம் கேட்கலாமா என்று யாருக்கும் தெரியவில்லை. பிறகு மொத்தக் கூட்டமும் ஒரே குரலில் சொன்னது: "ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்!" அதிலும் என் குரல்தான் ஓங்கியிருந்தது. அன்றிலிருந்து எந்த வீட்டில் கூட்டம் நடந்தாலும் நோட்டீஸ் சாரின் மாற்றலுக்கு ஒரு மன்றாட்டு உண்டு. மே மாதம் மாதா வணக்க மாதம் என்பதால் தினமுமே கேட்டோம்.

ஜூன் மாதம், புனித அந்தோனியார் திருவிழா முடிந்த சமயம். சாயங்காலம் வாசலில் ஸ்கூட்டர் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தால் நோட்டீஸ் சார். சீல் வைக்கத்தான் வந்துவிட்டார் என்று என் கணவர் ஓடிப்போய்ப் புது அறை வாசலை மறித்துக்கொண்டு நின்றார். அவரோ ஹெல்மெட்டைக் கழற்றி வண்டியில் மாட்டிவிட்டு, ஒரு ஸ்வீட் பெட்டியை என்னிடம் நீட்டினார்.

"எனக்கு மாத்தல் வந்திடுச்சு மேடம். கும்பகோணத்துக்கு. சொந்த ஊரு."

எனக்குப் புல்லரித்துவிட்டது. ஸ்வீட்டை வாங்கக்கூடத் தோன்றாமல் நின்றேன்.

"எனக்கு அப்புறம் வர்றவங்க வந்ததும் முதல் வேலையா சீல் வச்சிருவாங்க. அதுக்குள்ள நீங்களே எடுத்துட்டீங்கன்னா பிரச்சனை இதோட முடிஞ்சிடும். பெரியவர் இருக்கற வீடு. சொல்லாமப் போக மனசு வரலை."

உள்ளேயிருந்து சின்ன மாமாவின் குரல் வந்தது. "தம்பி, வெளில நின்னு பேசாதீங்க. உள்ள வாங்க, காபி சாப்பிட்டுப் போங்க!"

அன்றைக்குத்தான் அந்த மனிதர் முதன்முதலாக எங்கள் வீட்டுக்குள் கால் வைத்தார். சோபாவில் உட்கார்ந்து கதை சொன்னார். அப்பா இறந்து போனார். அம்மா ஊரில் தனியாக இருக்கிறார். குளியலறையில் விழுந்து இடுப்பில் அடி. ஊர்ப் பக்கம் மாற்றல் கேட்டு இரண்டு வருடமாக அலைந்து, கிடைக்காது என்று விட்டேவிட்டாராம். இப்போது எப்படி வந்தது என்று அவருக்கே புரியவில்லை.

கேட்டுக்கொண்டிருந்த சின்ன மாமாவுக்குப் பொறுக்கவில்லை. "தம்பி, உங்ககிட்ட மறைக்கக் கூடாது. உங்களை மாத்துனது நாங்கதான்."

அவர் காபியைக் கீழே வைத்தார். "நீங்களா? மேலிடத்துல யாரையாவது தெரியுமா உங்களுக்கு?"

"தெரியும். ரொம்ப மேல" என்று சின்ன மாமா கூரையைக் காட்டினார். பிறகு ஒன்று விடாமல் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார், 'கொஞ்சம் சீக்கிரமா' உட்பட. எனக்கு எங்கே போய் முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. நோட்டீஸ் சார் முதலில் விழித்தார். அப்புறம் சிரித்தார் பாருங்கள், கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். "எங்க அம்மாவுக்காக ஒரு தெருவே சேர்ந்து வேண்டியிருக்கா!" என்றார்.

பிறகு எழுந்து ஹாலை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை நடந்தார். மாடிப்படிக்கு அடியில் குனிந்து பார்த்தார். அங்கே ஓட்டை சைக்கிளும் பழைய டிவியும் கிடந்தன.

"இவ்வளவு பெரிய ஹால் இருக்கே மேடம். இதைப் பெரியவருக்குக் குடுத்தா என்ன?"

"ஹாலையா? விருந்தாளி வந்தா எங்க சார் உக்காருவாங்க? அன்பியம் எங்க நடத்தறது?"

சொல்லி முடிப்பதற்குள் என் பேச்சு எனக்கே சகிக்கவில்லை. இத்தனை மாதமாக எங்களில் ஒருவருக்கும் இது தோன்றவே இல்லை. வீட்டிலேயே நல்ல இடத்தை எப்போதோ வருகிறவர்களுக்கு ஒதுக்கிவிட்டு, வீட்டு மனிதரைச் சந்தில் வைக்கத்தான் இவ்வளவு போராடியிருக்கிறோம்.

நோட்டீஸ் சார் என் சாக்பீஸை வாங்கித் தரையிலேயே கோடு போட்டார். இங்கே ஒரு தடுப்புச் சுவர். மாடிப்படிக்கு அடியில் கழிப்பறை. சக்கர நாற்காலி நுழைய இவ்வளவு அகலக் கதவு. வாசற்படிக்குப் பதில் கேட்டுக்கு உள்ளேயே ஒரு சரிவு. "வெளில கட்டினதை எடுத்துடுங்க. அந்தச் செங்கல்லே இதுக்குப் போதும். இப்படிச் செஞ்சா உங்களுக்கு யாரும் நோட்டீஸ் குடுக்க முடியாது" என்றார். சின்ன மாமா அவர் தலையில் கைவைத்துச் சிலுவை அடையாளம் வரைந்தார். அவர் குனிந்து கொடுத்தார்.

ஆசையாகக் கட்டியதை இடிக்கும்போது எனக்கு மனது கஷ்டமாகத்தான் இருந்தது. கொத்தனார் வேறு, நான் அப்போதே சொன்னேனே என்று முணுமுணுத்துக்கொண்டே இடித்தார். புதிதாக வந்த அதிகாரி ஒரு பெண். வந்தார், பார்த்தார், சரியாக இருக்கிறது என்று எழுதிக்கொண்டு போனார். அன்று இரவு எங்கள் வீட்டில் பாயசம்.

இப்போது சின்ன மாமாவின் கட்டில் ஹால் ஜன்னல் ஓரத்தில் இருக்கிறது. தெருவில் போகிற ஒவ்வொரு வண்டிக்காரனுக்கும் ஓட்டத் தெரியவில்லை என்று குறை சொல்லிக்கொண்டு மகாராஜாவாக இருக்கிறார். எங்கள் முறை வந்தால் அன்பியம் பக்கவாட்டு இடத்தில்தான். ஹாலைவிட அதிகம் பேர் உட்காரலாம், காற்றும் வருகிறது.

அக்டோபர் தொடக்கத்தில், புரட்டாசிச் சனிக்கிழமை ஒன்றில், வாசலில் ஒரு கார் வந்து நின்றது. நோட்டீஸ் சார் தன் அம்மாவைக் கைத்தாங்கலாக இறக்கினார். ஸ்ரீரங்கத்தில் பெருமாளைப் பார்த்துவிட்டு நேரே எங்கள் வீட்டுக்கு வருகிறார்களாம். நாங்கள் போட்ட சரிவில் அந்த அம்மா மெல்ல ஏறி வந்து, சின்ன மாமாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"எம் புள்ளைய எங்கிட்ட சேத்து வச்சது நீங்கதானாய்யா? எங்க தெரு மாரியம்மனுக்கு வெள்ளிக்கிழமை தவறாம வெளக்குப் போட்டேன். எம் புள்ளைய அனுப்பு தாயி, அனுப்பு தாயின்னு கேட்டேன். யாரு காதுலயும் விழலைன்னு நெனச்சேன்."

சின்ன மாமா இரண்டு கைகளையும் கூப்பினார்.

"கேட்டது நீங்கதாம்மா. நாங்க விஷயம் தெரியாம ஆமென் சொல்லியிருக்கோம்."

அன்பானவர்களே, ஆண்டவர் எங்கள் செபத்தைக் கேட்டார் என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தவள் நான். இப்போது அதை நினைத்தால் சிரிப்பும் வருகிறது, அழுகையும் வருகிறது. எங்கள் சின்ன மாமாவை எங்களோடு வைத்தார். முகம் தெரியாத ஒரு தாயிடம் அவர் மகனைச் சேர்த்தார். இரண்டையும் எங்கள் கோபத்தை வைத்தே செய்தார். அவருக்கு எப்படி நன்றி சொல்வேன்? ஒருவர் மேல் எனக்கு எரிச்சல் வந்தால் இப்போதெல்லாம் அவருக்கும் சேர்த்து ஒரு நல்லதைக் கேட்டுவிடுகிறேன். மனது லேசாகிவிடுகிறது.

நீங்களும் அவரை நம்பிக் கேட்டுப் பாருங்கள். நல்ல வார்த்தை கிடைக்கவில்லையா, வாயில் வருகிறபடி கேளுங்கள். வருகிற ஞாயிறு அன்பியம் எங்கள் வீட்டில். உங்களை யார் வாட்டுகிறாரோ அவரையும் மனதில் கூட்டிக்கொண்டு வாருங்கள். அவருக்கும் சேர்த்து ஆமென் சொல்வோம்.