தொடாமல் போட்ட பன்னிரண்டு ஓகே

கம்பெனி பஸ் வாலாஜாபாத்தைத் தாண்டும்போது குரூப்பில் செய்தி வந்தது. எஸ்தர் காலமாகிவிட்டார். பஸ்ஸில் பாதிப் பேர் அவரோடு வேலை பார்த்தவர்கள். அழுகை வருவதற்கு முன்பே எனக்குப் பயம் வந்துவிட்டது. ஏன் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

பெயின்ட் ஷாப்பில் பத்து வருடம் கார் கதவுகளைக் கையால் தடவிப் பார்த்துப் பாஸ் பண்ணியவர் எஸ்தர். அத்தனை விளக்கு வெளிச்சத்திலும் எங்கள் கண்ணுக்குத் தப்பிய மேட்டை அவர் உள்ளங்கை கண்டுபிடித்துவிடும். "பார்த்தாலே தெரியுதே, எதுக்குத் தடவிக்கிட்டு?" என்று சூப்பர்வைசர் தோரணையில் ஒருமுறை கேட்டேன். "கண்ணு அவசரப்படும் சார். கை பொறுமையா பாக்கும்" என்றார்.

அதே கையால்தான் கம்பெனி கேட்டில் படுத்திருக்கும் ராணி என்ற நாயையும் பார்ப்பார். சனிக்கிழமை சாப்பாட்டு வேளையில் அதைப் புரட்டிப் போட்டு, கழுத்து, அக்குள், வயிறு, தொடை இடுக்கு என்று நிதானமாகத் தடவுவார். அப்படித்தான் முலைக்காம்பருகே பட்டாணி அளவில் ஒரு கட்டி அகப்பட்டது. மாட்டாஸ்பத்திரி டாக்டர் ஊசியில் எடுத்துப் பார்த்துவிட்டு, இப்போதைக்குப் பயமில்லை, பெரிதானாலோ நகராமல் இறுகினாலோ உடனே கொண்டுவாருங்கள் என்றாராம். எஸ்தர் விடுவாரா? எங்கள் செக் ஷீட் ஒன்றையே செக்யூரிட்டி அறைச் சுவரில் ஒட்டிவிட்டார். வாரத்துக்கு ஒரு கட்டம்: அளவு, நகர்கிறதா, கையெழுத்து.

சிறுநீரகம் கெட்டு ஆஸ்பத்திரியில் சேர்ந்தபோது இந்த வேலையை என்னிடம் ஒப்படைத்தார். "வாரத்துக்கு ஒருதபா சார். ரெண்டு நிமிஷந்தான்." சரி என்றேன். ஆடிட்டுக்கு முன் நாங்கள் செய்வதைத்தான் செய்தேன். வரப்போகும் வாரங்களுக்கும் சேர்த்து, ஒரே மூச்சில் பன்னிரண்டு கட்டத்திலும் ஓகே. நாயைத் தொடவே இல்லை. உண்ணி இருக்குமே என்று அருவருப்பு. சொல்ல வெட்கமாக இருக்கிறது.

ஒருநாள் போன் செய்தார். "ராணிக்குக் கட்டி எப்டி கீது சார்?"

"அப்படியேதான் இருக்கு எஸ்தர். நல்லா நகருது."

செய்தி வந்த அன்று கேட்டில் இறங்கியதும், முதல்முறையாக ராணியின் வயிற்றில் கை வைத்தேன். எலுமிச்சை அளவு. கல்லாக இறுகியிருந்தது, அசையவில்லை. லீவு சொல்லிவிட்டுத் தூக்கிக்கொண்டு ஓடினேன். "எவ்ளோ நாளா வளருது?" என்று டாக்டர் கேட்டார். தெரியாது என்றேன். எக்ஸ்ரே படம் எடுத்துப் பார்த்தார். நுரையீரல் வரை பரவிவிட்டது, ஆரம்பத்திலேயே கொண்டுவந்திருந்தால் அறுத்து எடுத்திருக்கலாம் என்றார்.

மறுநாள் பென்னலூரில் அடக்கம். எஸ்தரின் கணவர் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "ராணிய சார் பாத்துக்கிறாருன்னு கடைசி வரைக்கும் சொல்லிக்கினே இருந்துச்சி. ரொம்ப நன்றி சார்." நான் தலையாட்டி அதை வாங்கிக்கொண்டேன்.

எஸ்தரிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது அந்த நன்றிதான். அவர் கணவர் இதைப் படிப்பார். படித்த பிறகு அதைத் திரும்ப வாங்கிக்கொள்ளட்டும்.