வெறும் தண்ணீரில் டிஎன்ஏ!

இன்று காலை லேபில், வெறும் தண்ணீருக்குள் டிஎன்ஏ இருப்பதாக மிஷின் சொன்னது!

நான் வேலை பார்ப்பது கும்மிடிப்பூண்டியில், ஊசி மருந்து தயாரிக்கும் ஒரு கம்பெனியில். மருந்தை பாக்டீரியாவில் வளர்த்து எடுக்கிறோம். அந்த பாக்டீரியாவின் டிஎன்ஏ மருந்தில் மிச்சம் இருக்கக் கூடாது. இருக்கிறதா என்று பார்ப்பது என் வேலை.

சாம்பிளில் சில கெமிக்கல்களைச் சேர்த்தால், டிஎன்ஏ இருக்கும் அளவுக்கு வெளிச்சம் வரும். (மின்மினிப் பூச்சி அளவுக்குக்கூட இல்லை, கண்ணுக்கே தெரியாது.) மூடி போட்ட இருட்டுப் பெட்டிதான் மிஷின். அது அந்த வெளிச்சத்தை எண்ணிச் சொல்லும்.

முதலில் வெறும் தண்ணீர் வைப்போம். பூஜ்யத்தை ஒட்டி வர வேண்டும். வந்தது ஆயிரக்கணக்கில்!

மேனேஜர் வந்தார்.

“இன்னாம்மா, கைய கழுவிக்கினு வந்தியா இல்லியா?”

“கிளவுஸ் போட்டுக்கினுதான் சார் செஞ்சேன்.”

“உன் கை டிஎன்ஏதான் உள்ள போயிருக்குது. பேட்ச் போச்சுன்னா, உன்ன பர்மனன்ட் பண்ற பேப்பர்ல நான் கையெழுத்து போட மாட்டேன்.”

திங்கட்கிழமையோடு என் டிரெய்னிங் முடிகிறது.

புதுத் தண்ணீர், புது டியூப். அதே ஆயிரக்கணக்கு.

அப்போது கரண்ட் போனது! (வழக்கம்போல, சொல்லாமல் கொள்ளாமல்.)

ஜன்னல் இல்லாத லேப், கும்மிருட்டு. மிஷினுக்கு மட்டும் யுபிஎஸ் உண்டு. திரையில் எண் மளமளவென்று இறங்கிப் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் நின்றது. ஜெனரேட்டர் ஓடி டியூப்லைட் எரிந்ததும் மறுபடி ஏறியது.

பக்கத்து சீட் ரஹ்மத், பழவேற்காட்டுக்காரி, சிரித்துவிட்டாள்.

“உன் கை இல்லடி! டியூப்லைட் வெளிச்சம் உள்ள பூருது!”

மூடியைத் தூக்கிப் பார்த்தோம். ரப்பர் ஓரத்தில் காய்ந்துபோன சந்தனம், அதன் மேல் குங்குமம். மூடி முழுசாகப் படியவே இல்லை. முந்தாநாள் ஆயுத பூஜைக்கு வைத்த பொட்டு; அதற்கப்புறம் இன்றுதான் மிஷினை ஓட்டுகிறோம்!

“புது மிஷின், யாரும் தொடாதீங்கோ, நானே வெக்கிறேன்” என்று அன்றைக்கு வைத்தவர் சாட்சாத் மேனேஜரேதான்.

அவரும் குனிந்து பார்த்தார்.

“தொடச்சிடட்டுமா சார்?” என்றேன்.

“வாணாம்மா... இன்னிக்கி வெள்ளிக்கெழம.”

(பேட்ச் போனாலும் போகலாம், பொட்டு போகக் கூடாது!)

லைட்டையெல்லாம் அணைத்துவிட்டு டெஸ்ட் செய்தோம். யாரும் ஸ்விட்சைப் போட்டுவிடாமல் மேனேஜரே பக்கத்தில் நின்று காவல் காத்தார். தண்ணீர் சரி. பேட்ச் பாஸ்!

“உன் பேப்பர் எங்கம்மா? குடு” என்றார். லைட்டைப் போடப் போனேன்.

“வாணாம், இருக்கட்டும்.”

இருட்டிலேயே தடவித் தடவிக் கையெழுத்துப் போட்டார். என் முகத்தைப் பார்க்காமல் போடுவதற்கு அவருக்கு இதைவிட நல்ல நேரம் கிடைக்குமா, நீங்களே சொல்லுங்கள்!