சிவப்பு மையில் திருத்திய ஞாயிறுகள்

இருபது ஆண்டுகளாக நாட்குறிப்பு எழுதுகிறேன். புதுச்சத்திரம் பக்கத்தில் ஒரு முட்டைக்கோழிப் பண்ணையில் மேலாளர் வேலை. எந்த ஷெட்டில் எவ்வளவு தீவனம் மிஞ்சியது என்று தினமும் எழுதியாக வேண்டும். கோழி சீக்கில் விழுவதற்கு முன்னால் தீவனத்தைத்தான் முதலில் விடும்.

மகளைப் பதினொன்றாம் வகுப்புக்கு விடுதிப் பள்ளியில் சேர்த்த பிறகு, நாட்குறிப்பில் ஞாயிற்றுக்கிழமைப் பக்கத்தை நடுவில் கோடு போட்டு இரண்டாகப் பிரித்தேன். ஆங்கிலத்தில் அவள் பலவீனம். விடுதியிலிருந்து ஞாயிறு மாலை நான்கு மணிக்கு ஐந்து நிமிடம் பேசலாம். ஆங்கிலத்தில்தான் பேச வேண்டும். வார்டன் பக்கத்திலேயே நிற்பார். அந்த விதி எனக்குப் பிடித்திருந்தது. இடப்பக்கம் அவள் சொன்ன வாக்கியம், வலப்பக்கம் அதிலிருந்த பிழை, சிவப்பு மையில். அவளுடைய இலக்கணப் புத்தகத்தையே எனக்கும் ஒன்று வாங்கி, மடியில் விரித்து வைத்துக்கொண்டுதான் போனை எடுப்பேன்.

முதல் ஞாயிறு, சாப்பாடு பிடிக்கவில்லை என்றாள். வினைச்சொல் தவறு. திருத்தி மூன்று முறை சொல்ல வைத்தேன். மூன்றாவது ஞாயிறு, பசியே எடுப்பதில்லை என்றாள். உச்சரிப்பு சரியில்லை. ஐந்தாவது ஞாயிறு, செவ்வாய்க்கிழமையிலிருந்து தண்ணீர் மட்டும் குடிக்கிறேன் என்றாள். 'சின்ஸ்' வர வேண்டிய இடத்தில் 'ஃப்ரம்' போட்டாள். தேர்வில் தவறாமல் வருகிற கேள்வி அது.

"சின்ஸ் டியூஸ்டே. மறுபடி முழுசா சொல்லு சாமி."

சொன்னாள். கொஞ்சம் மெதுவாக வந்தது. பிழை இல்லை. டிக் போட்டேன்.

இலக்கணப் புத்தகத்தின் பயிற்சிகளிலும் யாராவது செவ்வாய்க்கிழமையிலிருந்து சாப்பிடாமல், தூங்காமல், மழையில் காத்துக்கொண்டுதான் இருப்பார்கள்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் மனைவிக்கு ஆங்கிலம் தெரியாது. குரலை மட்டும் கேட்பாள்.

"அப்பனும் புள்ளையும் தொரைமாராட்டம் பேசறீங்க, எனக்கென்ன தெரியுது? ஆனா பாப்பா கொரலு எறங்கிப் போச்சுங்க."

"பரீச்சை வருதில்ல, அதான்."

மறுநாள் காலை மூன்றாம் ஷெட்டில் தீவனம் கால்வாசி மிஞ்சியிருந்தது. வீட்டுக்கு வந்ததும் கால்நடை மருத்துவரைப் போனில் கூப்பிட்டேன். போனை வைக்கும்வரை மனைவி அடுக்களை வாசலில் நின்றாள்.

"ஏனுங்க, கோழி ஒரு நேரம் தின்னாட்டி அன்னைக்கே டாக்டர். உங்க புள்ள இத்தன வாரமா என்னதான் சொல்றா? தமிழ்ல சொல்லுங்க, நானும் கேக்கறேன்."

நாட்குறிப்பை எடுத்தேன். இடப்பக்க வாக்கியங்களை மட்டும் வரிசையாகத் தமிழில் சொன்னேன். சாப்பாடு பிடிக்கவில்லை. தட்டைப் பார்த்தால் குமட்டுகிறது. பசியே எடுப்பதில்லை. படியேறும்போது கண் இருட்டுகிறது. ஐந்தாவதைச் சொல்லத் தொடங்கியபோதுதான் அது என் மகள் சொன்னது என்று எனக்கு உறைத்தது.

மனைவி அடுப்பை அணைத்தாள். செருப்பு மாட்டும் சத்தம் கேட்டது.

விடுதிப் பார்வையாளர் அறையில் அரை மணி நேரம் காத்திருந்தோம். மகள் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தாள். சீருடைக் கழுத்துக்குமேல் காறையெலும்பு துருத்தி நின்றது. வார்டன் பின்னாலேயே வந்தார்.

"சாமி, என்னாச்சு சாமி?" என்று என் மனைவி அவள் கையைப் பிடித்தாள்.

மகள் அம்மாவைப் பார்க்கவில்லை. வார்டனைப் பார்த்தாள், பிறகு என்னை. உதடுகள் சத்தமில்லாமல் அசைந்தன. எந்த வாக்கியத்தையோ அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"தமிழ்லயே சொல்லு பாப்பா. ஊட்டுக்குப் போலாம்," என்றேன்.

உதடுகள் நிற்கவில்லை. முழுதாக அடுக்கி முடித்த பிறகு, நலமாக இருக்கிறேன், வந்ததற்கு நன்றி என்று ஆங்கிலத்தில் சொன்னாள். ஒரு பிழையும் இல்லை.

வார்டன் நீட்டிய தாளில் கையெழுத்துப் போட்டு அன்றே அழைத்து வந்தோம். சேலத்தில் மருத்துவரிடம் காட்டி வருகிறோம். பொறுத்துத்தான் பார்க்க வேண்டும் என்கிறார். நாட்குறிப்பில் இப்போது கோடு போடுவதில்லை. அவள் சாப்பிட்டதை மட்டும் எழுதுகிறேன். எது கேட்டாலும் இன்னும் முதலில் அந்த உதடுகள் அசைகின்றன. பிறகுதான் தமிழில் பதில் வருகிறது. சில சமயம் வருவதில்லை.

நேற்றுக் காலை ஒன்றரை இட்லி. இன்று அரை. மிச்சம் தட்டிலேயே இருக்கிறது.