நேரம் தவறாத புது பஸ்

பழைய பஸ் கம்பெனி நொடித்துப்போனதிலிருந்து ஒரு மாதமாகக் குற்றாலத்துக்கும் தென்காசிக்கும் நடைதான். இன்று அதே பாதையில் புதுக் கம்பெனியின் பஸ் வந்தது; பெட்ரோல் பஞ்சத்தால் கரிவாயுவில் ஓடுவது. முகப்பில் 'நேரம் தவறாது' என்று எழுதியிருந்தது. தென்காசியில் ரயிலைப் பிடிக்க வேண்டுமென்று குற்றாலத்தில் ஏறினேன்.

அருவிப் பக்கம் நிறுத்தி ஹாரன் அடித்தார் டிரைவர். பழைய கம்பெனியில் ஓட்டிய அதே ஆள்.

"யாருக்குவே நிக்கீரு?" என்றேன்.

"ஒருத்தர் குளிக்காவ, அண்ணாச்சி. இன்னா வந்துருவாவ."

"இது புதுக் கம்பெனியில்லா?"

"கம்பெனிதானே மாறியிருக்கு. குளிக்கிறவுக மாறலையே!"

கால் மணி நேரம் கத்தினேன். கடைசியில் ஈரத்தலையோடு ஏறியவர் தென்காசி ஸ்டேஷன் மாஸ்டர்.

"பதறாதீய. நான் போவாம ரயிலு கெளம்பாது," என்றார்.

கிளம்பவில்லை. ரயிலைப் பிடித்துவிட்டேன்.

முகப்பில் எழுதியிருப்பது பொய்யென்று இனி எப்படிச் சண்டை போடுவது? நீங்களே சொல்லுங்கள்.