சாட்சி சொல்லப் போன வீடு

சீனச் சண்டை ஓய்ந்து மூன்று மாதம் கழித்து அண்ணன் விடுப்பில் வந்தான். வலது காலில் இரண்டு விரல்கள் இல்லை. வந்த மறுநாளே எப்போதும்வென்றானுக்குப் போக வேண்டும் என்றான். அவனோடு பட்டாளத்தில் இருந்த சிநேகிதனின் ஊர் அது.

சிநேகிதன் இறந்ததாகத் தந்தி வந்திருந்தது, உடல் வரவில்லை. முகம் பார்க்காமல் எப்படிக் கருமாதி செய்வது? "கண்ணால பாத்த ஆளு வந்து சொல்லட்டும்" என்று அவன் தாய் பிடிவாதமாக இருந்தாள். தினமும் அவனுக்கும் சேர்த்தே உலை வைத்தாளாம்.

எங்கள் குடும்பத்தில் முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். முந்தின வருஷம்தான் எஸ்.எஸ்.எல்.சி. தேறியிருந்தேன். கையெழுத்துப் போடவே பட்டாளத்தில் கற்றுக்கொண்ட அண்ணனுக்கு அந்த வீட்டில் பேச வராது என்று நானே முடிவு செய்து, அங்கே படிக்க இரண்டு பக்கம் எழுதினேன். 'பகைவரின் குண்டை மார்பில் ஏந்தி' என்று ஒரு வரி. அவனிடம் எதுவும் கேட்கவில்லை. வீரன் என்றால் அப்படித்தான் சாவான் என்று நான் படித்திருந்தேன்.

வண்டியில் போகும்போது படித்துக் காட்டினேன். இருபுறமும் கரிசலில் பருத்தி எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

"நல்லாத்தான் இருக்கு ஏட்டி. இது யாரப் பத்தி?" என்றான்.

"வெளையாடாதண்ணே."

அவன் பருத்திக் காட்டுப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

அந்த வீட்டில் உறவுக்காரர்கள் கூடியிருந்தார்கள். நான் நிமிர்ந்து நின்று படித்தேன். ஆண்கள் தலையாட்டினார்கள். தாய் மட்டும் என்னைப் பார்க்கவேயில்லை.

"குண்டு எங்கன பட்டுது ராசா?" என்று அண்ணனிடம் கேட்டாள்.

"குண்டு படலம்மா. குளிருல போயிட்டான்."

ஒரு பெரியவர் முகம் சுளித்தார். "குளிருலயா? ஏலே, குளிருக்கு ஆம்பள சாவானா? சர்க்காரு கம்பளி குடுக்கலையா?"

"ஒண்ணு குடுத்தாவ மாமா. ரெண்டு வேணும். சண்டைன்னா சுடுததுன்னு நெனச்சுத்தான் போனோம். பனியில நின்னதுதான் மிச்சம். காலு இருக்கா இல்லையான்னு தொட்டுத் தொட்டுப் பாத்துக்கிடுவோம்."

தாய் நகர்ந்து கிட்டே வந்தாள். "எப்படிக் கெடந்தான்?"

"முழங்கால நெஞ்சோட சேத்துக்கிட்டு. ஒருக்களிச்சுப் படுத்தாப்ல."

"ஆமா" என்றாள். "அப்படித்தான் படுப்பான்."

நான் காகிதத்தை மடித்தேன். அண்ணன் தலை குனிந்திருந்தான். சாட்சி சொல்லியாயிற்று, எழுந்துவிடுவான் என்று நினைத்தேன். அவன் எழவில்லை.

"அவன் மேல கெடந்த கம்பளிய நான் எடுத்துக்கிட்டேம்மா. உசிரு போன பெறவுதான் எடுத்தேன். ஆனா போயிருச்சான்னு ரெண்டாவது தடவ தொட்டுப் பாக்கல. அதச் சொல்லத்தான் வந்தேன்."

என் இரண்டு பக்கத்தில் இதற்கு ஒரு சொல்கூட இல்லை. அவள் அவனை அடிப்பாள் என்று பயந்தேன்.

"உனக்குக் கதகதப்பா இருந்துச்சா?" என்று கேட்டாள்.

அண்ணன் நிமிர்ந்தான்.

"இருந்துச்சும்மா."

அவள் அந்தப் பெரியவர் பக்கம் திரும்பி, "கருமாதிக்குச் சொல்லிவிடுங்க" என்றாள். அதற்குப் பிறகுதான் அழுதாள்.