நடப்பவர்களுக்குப் பின்னால் ஒரு டீசல் கார்

எங்கள் அண்ணன் ஆண்டவரிடம் சேர்ந்து இன்றோடு ஓராண்டு நிறைகிறது. இந்த மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் பங்கு மக்களுக்கும் எங்கள் குடும்பத்தின் வணக்கம். அண்ணனைப் பற்றி எழுத வீட்டில் படித்தவர்கள் இருக்கிறார்கள். ஆனால், "கடைசி வருசம் வண்டியில அவர் பக்கத்துல உக்காந்திருந்தது நீங்கதான் தம்பி, நீங்களே எழுதுங்க" என்று அண்ணி சொல்லிவிட்டார்கள். எட்டாம் வகுப்போடு நின்றவன் எழுத்து. குறை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அண்ணன் பிறந்தது கடலூர் முதுநகரில், துறைமுகத்துக்குப் போகிற சாலையில் ஓர் ஓட்டு வீட்டில். அப்பாவுக்கு ஐஸ் கம்பெனியில் கட்டிகளை உடைத்து மீன் பெட்டிகளுக்கு ஏற்றிவிடும் வேலை. அப்பா மஞ்சள் காமாலையில் இறந்தபோது அண்ணன் பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதி முடித்திருந்தார். முடிவு வரும் முன்பே அதே கம்பெனியில் சேர்ந்துவிட்டார். பாஸ் என்று தெரிந்த நாளிலும் வேலைக்குத்தான் போனார். சில வருடங்களில் அங்கிருந்த பெரிய ஜெனரேட்டர் அவர் பொறுப்புக்கு வந்தது. கரண்ட் போனால் ஐஸ் உருகும், ஐஸ் உருகினால் மீன் கெடும், அதனால் டீசல் இன்ஜின் நிற்கவே கூடாது. தானே புயல் அடித்து ஊரே இருட்டில் கிடந்தபோது அதை நிற்காமல் ஓட வைத்தவர் அண்ணன். எங்கள் வீட்டு ஓடுகள் பறந்துபோனதை அதற்குப் பிறகுதான் வந்து பார்த்தார்.

அந்தச் சம்பளத்தில்தான் அம்மா சாப்பிட்டார், நான் சாப்பிட்டேன். நான் பள்ளிக்கூடத்தை விட்டு லாரியில் கிளீனராக ஏறி, டிரைவராகி, சூரத், கொச்சி, நாக்பூர் என்று எங்கெங்கோ சுற்றினேன். ஊர் திரும்பும்போதெல்லாம் அண்ணன் கேட்பது ஒன்றுதான்: "சாப்ட்டியாடா?" எங்கே போனாய், ஏன் போனாய் என்று கேட்டதில்லை.

அண்ணனுக்கு ஒரு பிடிவாதம் இருந்தது. மகள் பிறந்து மூச்சுத் திணறிக் கிடந்தபோது, குழந்தை பிழைத்தால் கால் உள்ளவரை நடந்து வருகிறேன் என்று வேளாங்கண்ணி மாதாவிடம் நேர்ந்துகொண்டார். குழந்தை பிழைத்தது. அதிலிருந்து ஒவ்வோர் ஆகஸ்டிலும் காவி கட்டிக்கொண்டு, பங்கு மக்களோடு கொடியேற்றத்துக்கு நடந்தே போனார். அண்ணியும் கூடவே நடப்பார்கள். புயலுக்கு அடுத்த வருடம், வீட்டுக்கு ஓடு போடக் காசில்லாதபோதும் நடந்தார்கள்.

ஓய்வு பெற்ற கொஞ்ச நாளில் அண்ணனுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. இதயம் இரத்தத்தை அடித்துத் தள்ளும் வேகம் குறைந்துவிட்டது என்றார் டாக்டர். மாடி ஏறக்கூடாது, பாரம் தூக்கக்கூடாது, நெடுந்தூரம் நடக்கவே கூடாது. மற்றதையெல்லாம் தலையாட்டிக் கேட்டவர் கடைசியில் சொன்னதற்கு மட்டும் தலையாட்டவில்லை. வீட்டுக்கு வந்து சில நாட்கள் கழிந்தன. பிறகு, ஓய்வுப் பணத்தில் ஒரு கார் வாங்கப்போவதாகச் சொன்னார். நடப்பவர்களுக்குப் பின்னால் பை, தண்ணீர், மருந்து ஏற்றிக்கொண்டு எப்போதும் ஒரு வண்டி போகும். அந்த வண்டி நம்முடையதாக இருக்கட்டும், அதில் உட்கார்ந்து அவர்கள் கூடவே போகிறேன் என்பது அவர் எண்ணம்.

பெட்ரோலா டீசலா என்று பேச ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் பிறகு வீட்டில் கூடினோம். சிதம்பரத்திலிருந்து மகளும் மருமகனும் வந்திருந்தார்கள். மருமகன் வங்கியில் கணக்குப் பார்ப்பவர், நிதானமானவர். எங்கள் வீட்டிலோ எல்லாருக்கும் ஒரே நினைப்பு, டீசல் என்றால் லாபம். மீன்பிடி போட்டு ஓடுவது டீசலில், லாரி ஓடுவது டீசலில், அண்ணனுக்குச் சோறு போட்டதும் டீசல் இன்ஜின். நானும் அதையே சொன்னேன்.

மருமகன், "மாமா, மாசம் எவ்ளோ ஓட்டுவீங்க? அத மொதல்ல சொல்லுங்க" என்றார்.

கோயில், மார்க்கெட், சிதம்பரத்தில் மகள் வீடு என்று அண்ணன் ஆரம்பித்தார். அதோடு நிற்கவில்லை. வடலூரில் சிநேகிதர் இருக்கிறார், பெங்களூரில் அண்ணியின் தங்கை இருக்கிறார், கொச்சிக்குத் தம்பி கூட்டிப்போவான், கோவாவில் சவேரியார் உடலைப் பார்க்க வேண்டும் என்று அடுக்கிக்கொண்டே போனார். அதற்கு முன் அந்த ஊர்களைப் பற்றி அவர் பேசி நான் கேட்டதில்லை.

மருமகன் மறுக்காமல் கேட்டுக்கொண்டார். பிறகு பொறுமையாகச் சொன்னார். "டீசல்னா லட்ச ரூபாய்க்கு மேல ஜாஸ்தி குடுக்கறோம் மாமா. முன்ன மாதிரி ரெண்டுக்கும் வெலையில பெரிய வித்தியாசமும் கெடையாது, மைலேஜ் கொஞ்சம் கூட வரும், அவ்ளோதான். சர்வீசுக்கும் செலவு கூட. குடுத்த காசு திரும்பி வரணும்னா நெறைய ஓட்டணும், இல்லன்னா நெறைய வருசம் ஓட்டணும்."

சொல்லி முடித்த பிறகுதான் தான் சொன்னது அவருக்கே உறைத்தது. தலையைக் குனிந்துகொண்டார். மகள் எழுந்து சமையலறைக்குப் போனாள். அண்ணன்தான் சிரித்தார்.

"சரி மாப்ள. வருசம் என் கையில இல்ல. ஓட்டுறது என் கையில இருக்குல்ல?"

அண்ணி கோபமாக, வாசலில் நிற்கப்போகிற வண்டிக்கு எதை ஊற்றினால் என்ன என்றார்கள். ஆனால் அதற்கு மேல் யாரும் வாதாடவில்லை. பெட்ரோல் வண்டி வாங்கினால், இனி அதிக தூரம் போகப்போவதில்லை என்று அவரே ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும். அதற்கு அவர் தயாராக இல்லை என்பது எல்லாருக்கும் புரிந்தது. டீசல் வண்டியே வாங்கினோம். பங்குத் தந்தை தீர்த்தம் தெளித்து மந்திரித்தார். அண்ணனுக்கு ஓட்டத் தெரியாது. இரண்டு வாரம் இருந்துவிட்டுப் போகலாம் என்று வந்த நான் அவருக்கு டிரைவராக இருந்துவிட்டேன்.

பெங்களூருக்கும் கோவாவுக்கும் நாங்கள் போகவில்லை. ஆஸ்பத்திரிக்கும் கோயிலுக்கும்தான் போனோம். சந்துகளில் முதல் கியர், இரண்டாம் கியர். சிதம்பரத்துக்கு எப்போதாவது ஒரு முறை.

ஆகஸ்ட் வந்தது. பங்கு மக்கள் ஜெபமாலை சொல்லிக்கொண்டு முன்னால் நடந்தார்கள், அண்ணியும் அவர்களோடு நடந்தார்கள். நான் முதல் கியரில் கால் வலிக்க வலிக்க வண்டியை உருட்டிக்கொண்டு பின்னால் போனேன். அண்ணன் முன் சீட்டில் காவி வேட்டியோடு, ஜன்னலை இறக்கிவிட்டு, அவர்களோடு சேர்ந்து ஜெபம் சொல்லிக்கொண்டு வந்தார். அண்ணனின் பழைய கூட்டாளி ஒருவர் ஜன்னல் பக்கம் வந்து, "மச்சான், மாதாவே ஒனக்கு டிரைவர் வச்சுக் குடுத்துட்டாங்களா?" என்று வம்பிழுத்தார். அண்ணன், "பெட்ரோல் தீந்துடும்னு பயமில்லடா, இது டீசல்" என்றார்.

புதுச்சத்திரம் தாண்டியதும் வண்டியில் ஒரு மஞ்சள் விளக்கு எரிந்தது. சிதம்பரம் போய்ச் சேர்வதற்குள் வண்டி இழுக்க மறுத்தது. கடலூரில் வண்டி சர்வீஸ் செய்யும் மெக்கானிக் தம்பி ஒருவருக்குப் போன் போட்டேன். எப்படி ஓட்டுறீங்க என்று கேட்டார். நடக்கிறவர்களுக்குப் பின்னால், நடை வேகத்தில் என்றேன். சிரித்துவிட்டு விளக்கினார். இப்போது வருகிற டீசல் வண்டியில் புகைக்கரியைப் பிடித்து வைக்க ஒரு ஃபில்டர் இருக்கிறது. வண்டி வேகமாக ஓடினால் சூட்டில் அந்தக் கரி எரிந்துபோகும். மெதுவாகவே ஓட்டினால் சேர்ந்து அடைத்துக்கொள்ளும். "நாலு வழிச் சாலைக்கு எடுத்துப் போய், அரை மணி நேரம் நிக்காம நல்லா வெரட்டுங்க. சரியாயிடும். இப்படியே உருட்டுனீங்கன்னா நின்னுடும், அப்புறம் செலவு பெருசு" என்றார். வண்டியோடு கொடுத்த புத்தகத்திலும் அது இருக்கிறதாம். மைலேஜ் கேட்டோம், விலை கேட்டோம், நடை வேகத்தில் ஓடுமா என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை. எங்களைத் தவிர வேறு யாருக்கும் அந்தக் கேள்வி தேவைப்பட்டிருக்காது.

மறுநாள் காலை வல்லம்படுகையில் கூட்டம் கொள்ளிடத்தை நோக்கித் திரும்பியபோது, வண்டியை ஓரம் கட்டி விஷயத்தைச் சொன்னேன். அரை மணியில் திரும்பிவிடலாம், சீட்டைவிட்டு இறங்காமல் அப்படியே வாருங்கள் என்றேன். அண்ணன் கதவைத் திறந்தார்.

"பின்னாடியே வந்தா நானும் நடந்த மாதிரி. இவங்கள உட்டுட்டுப் பறந்தா அது டூருடா. நீ போயிட்டு வா."

அண்ணி ஓடி வந்து, "டாக்டர் என்னங்க சொன்னாரு?" என்றார்கள்.

"மாடி ஏறக்கூடாதுன்னாரு. ரோட்டுல ஏது மாடி?"

அண்ணி என்னைப் பார்த்தார்கள். பின் சீட்டிலிருந்து குடையை எடுத்து அண்ணியிடம் கொடுத்துவிட்டு வண்டியைத் திருப்பினேன். நாலு வழிச் சாலையில் ஏறி விரட்டினேன். பின்னால் கரிவாசனை வந்தது. விளக்கு அணைய நேரமானது. அந்த நேரம் முழுவதும் அவர் எங்காவது விழுந்து கிடப்பார் என்ற நினைப்புதான்.

திரும்பி வந்தபோது கூட்டம் கொள்ளிடம் பாலத்தின் மேல் இருந்தது. இந்நேரம் அவர்கள் அக்கரை தாண்டி வெகுதூரம் போயிருக்க வேண்டும். எல்லாரும் அண்ணன் நடைக்கு நடந்துகொண்டிருந்தார்கள். அவர் பத்தடி வைப்பார், நிற்பார். அத்தனை பேரும் நிற்பார்கள். ஜெபமாலையும் அந்த வேகத்துக்கே போனது. அண்ணி குடை பிடித்திருந்தார்கள். கீழே தண்ணீர் நிறையப் போய்க்கொண்டிருந்தது. நான் பக்கத்தில் வண்டியை நிறுத்தினேன். அண்ணன் ஏறவில்லை. "அந்தப் பக்கம் போய் நில்லுடா, வர்றேன்" என்றார். அக்கரை வரை நடந்தே வந்து, பிறகுதான் ஏறினார். சட்டை நனைந்திருந்தது, உதடு வெளுத்திருந்தது. அவ்வளவு சந்தோஷமாக அவரை நான் பார்த்ததில்லை. மீதி வழியெல்லாம் வண்டியிலேயே வந்து கொடியேற்றத்தைப் பார்த்தார்.

அதற்குப் பிறகு அவர் எங்கும் நடக்கவில்லை. தவக்காலம் தொடங்கும் முன் சிதம்பரத்தில் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். ஒரு மாலை மருமகன் கட்டிலருகே உட்கார்ந்து, தானும் கார் வாங்கப்போவதாகச் சொல்லி, எதை வாங்கலாம் என்று கேட்டார். அவரைப் பேசவைக்கத்தான் கேட்டார் என்று நினைக்கிறேன். அண்ணன் நன்றாகவே பதில் சொன்னார்.

"பெட்ரோலே வாங்கு மாப்ள. நீ அன்னிக்குப் போட்ட கணக்கு சரி. எனக்குக் குடுத்த காசு திரும்பி வரல." கொஞ்சம் மூச்சு வாங்கிவிட்டு, "ஆனா நான் வாங்குனா மறுபடியும் டீசல்தான் வாங்குவேன். அந்த ஃபில்டர் அடைச்சுக்கலன்னா என்னைய யாரு எறங்க உட்டிருப்பாங்க?" என்றார்.

சில நாளில், அண்ணி கையைப் பிடித்தபடி, அமைதியாகப் போய்ச் சேர்ந்தார்.

அண்ணனைக் கடைசி வரை கவனித்த மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், அடக்கத் திருப்பலி நிறைவேற்றிய பங்குத் தந்தைக்கும், அலைந்து திரிந்து எல்லாம் செய்த மருமகனுக்கும், தூரத்திலிருந்து வந்த உறவினர்களுக்கும், இரவெல்லாம் கூட இருந்த தெரு மக்களுக்கும் எங்கள் குடும்பம் கடன்பட்டிருக்கிறது. பெயர் விட்டுப்போனவர்கள் மன்னிக்க வேண்டும். எல்லாருக்கும் மேலாக, வெயில் ஏறுகிறது, முன்னால் போங்கள் என்று அண்ணன் எத்தனை முறை சொல்லியும் கேளாமல், அந்தப் பாலத்தில் அவர் நடைக்கு நடந்தவர்களுக்கு நன்றி.