அம்மா போடாத மாத்திரை

இரண்டாயிரத்துக்குப் பிந்திய ஏதோ ஒரு வருடம். தேயிலை மலைகளுக்கு நடுவே, றக்வானைப் பக்கத்தில் ஓர் அரசாங்க ஆஸ்பத்திரியில் நான் மருந்தாளராக இருந்தேன். மழை விட்ட காலைகளில் மூடுபனி வராந்தாவுக்குள் வந்துவிடும். மருந்து ஜன்னலில் முகங்கள் சரியாகத் தெரியாது. கொழுந்துக் கறை படிந்த கைகள் மட்டும் பனிக்குள்ளிருந்து நீளும். "காலையில ஒண்ணு, ராவைக்கு ஒண்ணு, வெறும் வயித்துல போடாதீங்க" என்பேன். கைகள் மறைந்துவிடும். இப்போது நினைத்தால் அந்தக் காலைகளெல்லாம் அரைத் தூக்கத்தில் கழிந்தவை போலிருக்கின்றன.

அந்தக் கைகளில் என் அம்மாவுடையதும் உண்டு. மாதம் ஒருமுறை பிரஷர் கிளினிக்குக்காகத் தோட்டத்திலிருந்து முதல் பஸ்ஸில் வருவாள். மகள் இருக்கிறாளென்று முந்திக்கொள்ளாமல் வரிசையிலேயே நிற்பாள். பிரஷர் இறங்கவே இல்லையென்று டாக்டர் மாத்திரையைக் கூட்டிக்கொண்டே போனார். தோட்டத்திலோ அவளுக்குத் தலை சுற்றியது. கொழுந்து எடுக்கும்போது இரண்டு தடவை சரிவில் விழுந்துவிட்டாள். மூன்றாவது தடவை எழுந்திருப்பாளா என்று எனக்குப் பயம். வயசாகிறது, அதனால்தான் என்று சமாதானமும் சொல்லிக்கொண்டேன், படித்த முட்டாள்.

அப்போதுதான் கொழும்பிலிருந்து ஒரு சிங்கள மிஸ் வந்தார். மருந்தாளர் சேவை எப்படி என்று நோயாளிகளிடம் கேட்டு எழுத வேண்டுமாம். தமிழாட்களுக்கு மொழிபெயர்க்க வேறு ஆளில்லை என்று என்னையே பக்கத்தில் உட்கார வைத்தார். என்னைப் பற்றி நானே கேட்டால் யார்தான் குறை சொல்வார்கள்? "நம்ம தோட்டத்துப் புள்ளங்க, தங்கமான புள்ள" என்றே எல்லோரும் சொன்னார்கள். கூச்சமாக இருந்தது. பொய் சொல்வானேன், இனிக்கவும் செய்தது.

அம்மாவின் முறை வந்தது. படிவத்தில் இல்லாத ஒன்றை மிஸ் சும்மா கேட்டார்: இன்று காலை மாத்திரை போட்டீர்களா?

அம்மா என்னைப் பார்த்தாள். "இல்ல புள்ள. பஸ்ஸு வளைவுல வாந்தி வருதுன்னு கிளினிக் அன்னைக்கு நான் ஒண்ணும் சாப்புடுறதில்ல. வெறும் வயித்துல போடாதன்னு நீதானே சொன்ன?"

ஆக, மாதாமாதம் டாக்டர் அளந்தது மருந்து போடாத அம்மாவை. மற்ற நாள்களில் கூட்டிய மாத்திரையையெல்லாம் விழுங்கிவிட்டுத்தான் அவள் மலையேறியிருக்கிறாள். பிரஷர் அளவுக்கு மீறி இறங்கித்தான் தலை சுற்றியிருக்கிறது.

"ஏம்மா எங்கிட்ட சொல்லல?"

"நீ கேக்கலியே. பின்னால அவ்வளவு சனம் நிக்குது. ஒன்ன நிப்பாட்டி வச்சுப் பேசி, ஏச்சு வாங்கித் தரவா?"

ஒன்றும் புரியாத மிஸ் கடைசிக் கேள்வியைக் கேட்டார்: மொத்தத்தில் சேவை எப்படி?

"ரொம்ப நல்லா கவனிக்கிறாங்கன்னு சொல்லு" என்றாள் அம்மா.

"இந்த மருந்தாளர் என்னிடம் ஒரு நாளும் எதையும் கேட்டதில்லை என்கிறார்" என்று சிங்களத்தில் சொன்னேன். மிஸ் அப்படியே எழுதிக்கொண்டார்.

கடைத்தெருவில் சிங்களம் பழகிய அம்மாவுக்கு அது விளங்கிவிட்டது. மேசைக்கடியில் என் காலை ஓங்கி மிதித்தாள். நான் அவள் கையைப் பிடித்து டாக்டரிடம் கூட்டிப் போனேன். தன் மகளைப் பற்றி நான் பொய் எழுத வைத்துவிட்டேன் என்று வழியெல்லாம் ஏசிக்கொண்டே வந்தாள்.